பக்கத் தையல்

உங்கள் கோட்டின் இடது கை அரை அங்குலம் நீளம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இங்கே இருந்து எழுதும் நேரம் முழுவதும் என் கண் அங்கேயே போகும். கடையில் வாங்கியபடியே போட்டிருக்கிறீர்கள் போல. வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்து தருவார்.

எனக்கு ஆங்கிலம் வரும். இருபத்திரண்டு வருடம் ரொறன்ரோவில் ஒரு நாடகக் கொம்பனியின் உடுப்பு வேலைத்தலத்தில் துணி வெட்டியவள் நான். ஆனால் தையலைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் தமிழில்தான் சொல்வேன். நீங்கள் கூட்டிவந்து இருத்தியிருக்கும் மொழிபெயர்ப்பாளர் பிள்ளைக்குச் சாதாரண மடிப்புக்கும் பெட்டி மடிப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் ‘ஃபோல்ட்’ என்று சொன்னதைக் கேட்டதும் வாயை மூடிவிட்டேன். எழுதியே தருகிறேன். பிறகு அவர் ஆற அமர இருந்து கஷ்டப்படட்டும்.

பெயர் பேர்ணடெற். வயது ஐம்பத்தெட்டு. வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் தனியாக இருக்கிறேன். போன மாதம் மார்க்கம் நகரத்து மண்டபம் ஒன்றில், தன் ஐம்பதாவது பிறந்தநாள் மேடையில் இறந்துபோனாளே அன்ரனெற், அவள் போட்டிருந்த சட்டையைத் தைத்தவள் நான்தான். பொலிஸ்காரர் நீங்கள் அந்தச் சாவை விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். கஜு என்கிற முந்திரிப் பருப்பு ஒத்துக்கொள்ளாத பெண், கஜு போட்ட கேக்கைத் தின்று மூச்சடைத்துச் செத்தாள். கேக்கைக் கொண்டுவந்தவர் றீற்றம்மா அன்ரி. ஆகவே கொன்றது றீற்றம்மா அன்ரியின் கேக். எங்களுடைய ஆட்களும் அப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள். அது பிழை. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

அன்ரனெற்றை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். கோயில் பாட்டுக் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடுவாள். சுருதி சேராது, ஆனால் மைக்கை விடமாட்டாள். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். கெட்டவளாக இருப்பதற்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள், சிரிப்பாள், கட்டிப்பிடிப்பாள். பெரிய வீடு, அமைதியான புருஷன் சீமோன், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் மெலனி. எல்லாம் அவளுக்குத் தானாகவே வந்தது.

போன வருடம் பூசை முடிந்து வெளியே வரும்போது என் கையைப் பிடித்தாள்.

“பேர்ணி, எல்லாரும் ஒரே லெஹெங்காவைத்தான் போடுகினம். என்ரை ஐம்பதுக்கு எனக்கு உந்தப் பழைய காலத்துப் பிரெஞ்சுச் சீமாட்டியள் போட்ட கவுண் வேணும். நீர்தான் தைச்சுத் தர வேணும்.”

எந்தக் காலம் என்று கேட்டேன்.

“அது தெரியாது. பெரிசா இருந்தால் சரி.”

ஃபோனில் ஒரு படம் காட்டினாள். பொலியெஸ்டர் துணி, முதுகில் ஸிப். முதுகில் ஸிப் வைத்த பதினெட்டாம் நூற்றாண்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் செய்கிறேன் என்றேன், ஆனால் என் முறைப்படி. வேலைத்தலத்தில் இருந்தபோது அப்படி ஒரு சட்டையை முழுவதும் கையால் தைக்க எனக்கு ஒருநாளும் விடவில்லை. நேரம் இல்லை என்பார்கள், மேடையில் யாருக்குத் தெரியப்போகிறது என்பார்கள். துணியை அவள் வாங்கித் தந்தாள். கூலி வேண்டாம் என்று நானே சொன்னேன்.

அந்தச் சட்டை எப்படி ஆனது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மற்றது ஒன்றும் விளங்காது. அது வசதியான பெண்கள் எல்லா உடுப்புக்கும் மேலே போட்ட கவுண். முன்பக்கம் திறந்திருக்கும். பின்பக்கம் கழுத்தடியில் இரண்டு பெரிய பெட்டி மடிப்புத் தொடங்கி, எங்கும் பிடிபடாமல் நிலம் வரை விழும். பார்க்கிறவர்களுக்குச் சட்டை உடம்பில் தொடாமல் மிதப்பதுபோல இருக்கும். அது பொய். அந்த மடிப்புகளுக்குள்ளே லினன் துணியில் இறுக்கமான உள்ளுடம்பு ஒன்று இருக்கிறது. அதை முதுகில் நாடா கோத்து இழுத்துக் கட்ட வேண்டும். இடுப்பின் இரண்டு பக்கமும் பிரம்பை வளைத்துச் செய்த கூடு. அதன் மேல் பாவாடை, அதன் மேல் கவுண். நெஞ்சில் முக்கோணமாக ஒரு துண்டு. பொத்தான் இல்லை, கொளுக்கி இல்லை. முன்பக்கம் முழுவதும் குண்டூசியால் பிடித்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஒருத்தி நின்று குத்திவிட வேண்டும், ஒருத்தி நின்று கழற்றிவிட வேண்டும். நான் தைத்ததற்கு முப்பத்தெட்டுக் குண்டூசி.

பை என்பது அந்தச் சட்டையோடு சேர்த்துத் தைப்பது அல்ல. நாடாவில் கோத்த இரண்டு துணிப்பைகள், எல்லாவற்றுக்கும் உள்ளே, இடுப்பில் கட்டியிருக்கும். கவுண், பாவாடை, கூடு மூன்றிலும் பக்கத் தையலில் ஒரு சாண் நீளத்துக்குத் தைக்காமல் விட வேண்டும். மூன்று திறப்பும் ஒன்றுக்கு நேரே ஒன்று வரும். கையை விட்டால் நேரே பைக்குள் போகும். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் அதை யோசித்தவர் கெட்டிக்காரர்.

அந்தப் பையில் அன்ரனெற்றுக்குத்தான் அதிக அக்கறை. அளவெடுத்த முதல் நாளே கேட்டாள்.

“என்ரை பென் வைக்க ஒரு இடம் வேணும், பேர்ணி. அது இல்லாமல் நான் வாசல் தாண்டமாட்டன்.”

பென் என்பது அலர்ஜி வந்தால் தொடையில் குத்துகிற மருந்து. இரண்டு தடவை அது அவளைக் காப்பாற்றியிருக்கிறது. ஒருமுறை கோயில் மண்டபத்தில், என் கண் முன்னால். கவுண் உருவான பிறகு பையைக் கட்டிக் காட்டினேன். குழந்தைப்பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டாள். கண்ணாடிக்கு முன் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பென்களை வெளியே இழுத்தாள்.

“பாரும், கௌபோய்க்காரன் துவக்கு எடுக்கிற மாதிரி எல்லே.”

நாலு தடவை செய்து காட்டினாள். பட்டில் கை வியர்வை படும் என்று நான்தான் நிறுத்தினேன்.

எட்டு மாதம் தைத்தேன். பன்னிரண்டு யார்ட் பட்டு. பச்சைக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்ட நிறம். விளிம்பு அலங்காரம் மட்டும் ஆறு கிழமை. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல வேலை ஒன்று செய்யவில்லை. அடக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் வேறு யாரும் செய்யவில்லை.

பிறந்தநாளுக்கு முந்திய திங்கட்கிழமை மெலனி ஒரு வீடியோவை எல்லாருக்கும் அனுப்பினாள். என் வீட்டுக் கதிரையில், கடைசி அளவு பார்த்த அன்று, அந்தச் சட்டையோடு அன்ரனெற் இருக்கிறாள். மடியில் பாவாடைக் கரை. கையில் என் ஊசி. அதில் நூல் இல்லை. நான் தேத்தண்ணீர் போடப் போன நேரம் எடுத்திருக்கிறார்கள். “எட்டு மாசமா இருந்து என்ரை கையாலை தைச்சனான்” என்று சொல்லிச் சிரிக்கிறாள். கீழே நூற்றுக்கணக்கில் பாராட்டு. நூல் இல்லாத ஊசியை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. எங்கள் சனத்தின் கண் அவ்வளவுதான்.

ஃபோன் எடுத்துக் கேட்டேன்.

“ஐயோ பேர்ணி, அது சும்மா லைக்குக்குப் போட்டது. உமக்கு உந்தப் பேர் புகழிலை விருப்பமில்லைத்தானே.”

“ஓம், இல்லை” என்றேன்.

எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஈ சாப்பாட்டில் இருந்தால் யாரும் ஈயோடு கோபிப்பதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு, பக்கத் திறப்புகளைத் தைத்து மூடினேன். மூன்று அடுக்கு, இரண்டு பக்கம், மொத்தம் ஆறு. காரணம் எளியது. திறப்பு வாய் விரிந்து நின்றது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பக்கக் கோடு உடைந்து தெரிந்தது. உண்மையான சட்டைகளில் திறப்பு இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. நானே மேலே எழுதியிருக்கிறேன். மற்ற இடமெல்லாம் ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட்டிருக்கிறேன். அந்த ஆறு இடத்திலும் பதினாறு போட்டேன், மெழுகு பூசிய லினன் நூலில், ஒவ்வொரு தையலையும் பின்னால் இழுத்து. கோடு அழகாக வந்தது. அதற்கு மேலே விளிம்பு அலங்காரத்தை இழுத்து வைத்தால் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் சான்றுப் பெட்டியில் சட்டை இருக்கிறதுதானே. எடுத்து எண்ணிப் பாருங்கள்.

சனிக்கிழமை காலை அவளை உடுத்தினேன். ஒன்றரை மணித்தியாலம். அந்த நேரம் முழுவதும் இரண்டு கையையும் தூக்கி ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பென் வைச்சனீரோ?”

“ரெண்டையும் வைச்சிட்டன். ஒரு பக்கம் மட்டும் வைச்சால் சரிஞ்சு நிக்கும்.”

நான் பொய் சொல்லவில்லை. வழக்கமாக ஒன்று அவள் கைப்பையில் இருக்கும். அதையும் நான்தான் கேட்டு வாங்கி மற்றப் பையில் வைத்தேன். பாரம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கடைசிக் குண்டூசி ஏறியதும் என் கன்னத்தில் முத்தம் தந்தாள்.

“நீர் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்” என்றாள். மண்டபத்துக்குப் போகும்வரை அவளுடைய உதட்டுச் சாயம் என் கன்னத்தில் இருந்தது. யாரும் சொல்லவில்லை.

முந்நூறு பேர். நெருப்புப் பொறி கக்கும் மெஷின், புகை, பிளாஸ்டிக் பூ. அறிவிப்பாளர், “எட்டு மாத உழைப்பில், தன் கையாலேயே தைத்த உடையில்” என்று முழங்க, என் சட்டை உள்ளே வந்தது. பின் மடிப்பு இரண்டும் நான் நினைத்தபடியே விழுந்தன. சனம் எழும்பி நின்று கை தட்டியது. நானும் தட்டினேன்.

பிறகு எங்கள் வழக்கப்படி கேக் ஊட்டல். உங்களுக்குத் தெரியாதென்றால் சொல்கிறேன். ஒவ்வொரு குடும்பமாக மேடை ஏறி, பிறந்தநாள்காரியின் வாயில் ஒரு துண்டு வைத்து, கமெராவைப் பார்க்க வேண்டும். முந்நூறு பேரின் விரல் ஒரு வாய்க்குள் போய் வரும். அன்றைய கேக்கில் பருப்பு வகை எதுவும் இல்லை. மெலனி கேக்குப் பக்கத்தில் அதை எழுதியும் வைத்திருந்தாள்.

றீற்றம்மா அன்ரி அன்ரனெற்றின் ஞானத்தாய். எண்பது வயது. எந்த விசேஷத்துக்கும் தன் கையால் செய்த ரிச் கேக்கை ஈயத்தாளில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவருவார். ரவை, கஜு, முட்டை, எப்போதும் அடியில் கொஞ்சம் கருகல். இருபது வருடமாக இதைப் பார்க்கிறேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். திரும்பி மெதுவாகக் கேட்டார்.

“பிள்ளை, அவவுக்குக் கஜு ஒத்துவராது எண்டு சொல்லுறவை எல்லே? ஊரிலை ஆருக்கு உந்த அலர்ஜி இருந்தது? இஞ்சை வந்தாப் பிறகுதான் எல்லாம். ஒரு சின்னத் துண்டு குடுக்கலாமோ?”

“ஒரு துண்டுதானே அன்ரி. குடுங்கோ. ஞானத்தாயின்ரை கையாலை எண்டால் சந்தோசப்படுவா.”

இதை உங்களிடம் அவர் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். மறந்திருப்பார், அல்லது எனக்குப் பிரச்சினை வரும் என்று மறைத்திருப்பார். அன்ரனெற் கமெராவைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். வாய்க்குள் என்ன வருகிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்த இரண்டு குடும்பம் ஏறி இறங்கும்வரை சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு தொண்டையைத் தொட்டாள். உதடு தடித்தது. உடனே இரண்டு கையும் இடுப்புப் பக்கத்துக்குப் போயின, கண்ணாடி முன் பழகிய அதே இடத்துக்கு. இடத்தில் பிழையில்லை. விரலால் தடவினாள், அலங்காரத்தை விலக்கினாள், திரும்பத் தடவினாள். பிறகு தலையைத் தூக்கி, அத்தனை சனத்துக்கு மேலால் என்னைத் தேடினாள். அந்தச் சட்டையைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டும் என்பது அப்போது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மெலனி கத்தினாள்.

“அன்ரி, பொக்கெற் எங்கை? ஓப்பினிங்கைக் காணேல்லை.”

“உள்ளுக்கு இருக்கு பிள்ளை. முன்பக்கம் கழட்டினால்தான் எடுக்கலாம்” என்று சொல்லிக்கொண்டு மேடைக்கு ஏறினேன். சீமோன் நெஞ்சுத் துண்டைப் பிடித்து இழுக்கப் போனார்.

“இழுக்காதையுங்கோ அண்ணை. குண்டூசி நெஞ்சிலை ஏறும்.”

மனுஷன் கையை எடுத்துவிட்டார். நெருப்பைத் தொட்டவர் மாதிரி. கீழே இருந்து பாவாடையைத் தூக்கியிருந்தால் பை அகப்பட்டிருக்கும். ஆனால் முந்நூறு பேருக்கும் நாலு கமெராவுக்கும் முன்னால் ஒரு குடும்பப் பெண்ணின் பாவாடையைத் தூக்க எங்களில் யாருக்கும் கை வராது. பெண்கள் ஓடிவந்து முதலில் சீலைத் தலைப்பை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். சாகிறவளுக்கு மானம் காத்தார்கள். அவர்கள் அதைத்தான் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

மறைப்புக்குள்ளே, மேடையில் சரிந்து கிடந்தவளின் குண்டூசிகளை நான் கழற்றினேன். நெஞ்சுத் துண்டின் இடது பக்கம் மேலிருந்து கீழாக, பிறகு வலது பக்கம். நிலத்தில் போட்டால் யாருடைய காலிலாவது ஏறும் என்று ஒவ்வொன்றையும் என் மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சில் குத்திவைத்தேன். அவள் என் கையைப் பிடிக்கப் பார்த்தாள். வேலை செய்ய இடைஞ்சலாக இருந்தது.

“அன்ரி, ப்ளீஸ், கெதியா. சிசர்ஸ் இருக்கா?”

“இல்லை பிள்ளை. வீட்டிலை விட்டிட்டன்.”

யாரோ கேக் வெட்டிய கத்தியைக் கொண்டுவந்தார்கள். பிடியில் றிபன் கட்டியிருந்தது. அதால் கேக்கே ஒழுங்காக வெட்டுப்படவில்லை. லினன் உள்ளுடம்பு எங்கே வெட்டுப்படும்? நான் தைத்தது.

பதினோராவது நிமிடம் அம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். நான் இருபத்தேழாவது குண்டூசியில் நின்றேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னைத் தள்ளிவிட்டு, அவளைப் புரட்டி, பெரிய கத்தரியால் கழுத்திலிருந்து கீழ்வரை, அந்தப் பின் மடிப்பு இரண்டையும் சேர்த்து வெட்டினாள். பத்து வினாடி இருக்கும். தான் கொண்டுவந்த பென்னைக் குத்தினாள். பிந்திவிட்டது. நான் வாய்விட்டு அழுதேன். மெலனி என்னைக் கட்டிப்பிடித்து, “அழாதையுங்கோ அன்ரி, நீங்கள் ட்ரை பண்ணினீங்கள்” என்றாள். எதற்கு அழுகிறேன் என்று நான் விளக்கிக்கொண்டு நிற்கவில்லை.

இன்று காலை முப்பத்தோராம் நாள் பூசை. றீற்றம்மா அன்ரி கடைசி வரிசை வாங்கில் தனியாக இருந்தார். பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. மனுஷி சாப்பாட்டை விட்டுவிட்டாராம். அவருக்காக நான் இங்கே வந்தேன் என்று நினைக்க வேண்டாம். அடிக்கருகிய ஒரு துண்டு கேக்கால் இவ்வளவும் நடந்தது என்று சனம் நம்புவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தத் துண்டுக்குப் பிறகு அவள் பிழைக்க இரண்டு பென் இருந்தன, பதினொரு நிமிடம் இருந்தது. கேக் என்ன செய்தது?

பூசை முடிந்து வாசலில் நினைவு மலர் கொடுத்தார்கள். அட்டையில் என் சட்டையோடு அவளுடைய படம். உள்ளே சீமோன் எழுதியிருந்தார்: ‘தன் கையால் தைத்த உடையுடனேயே இறைவனடி சேர்ந்தாள்.’ கோயில் படியில் நின்று அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். பிறகு வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் எடுத்து உங்களிடம் வந்தேன்.

ஆகவே இரண்டையும் ஒழுங்காகப் பதியுங்கள். சட்டையைத் தைத்தது நான். அன்ரனெற்றைக் கொன்றதும் நான். இரண்டிலும் வேறு ஒருவருடைய கையும் இல்லை. வழக்கு முடிந்ததும் சட்டையை என்னிடம் திருப்பித் தர ஏலுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். பின் மடிப்பை நான் சேர்த்துத் தைத்து எடுப்பேன்.

எதற்காக என்று நான் வந்ததிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டீர்கள். பழிவாங்கல் என்று எழுத ஆசைப்படுகிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. கத்தரிக்கோல் என் கைப்பையில்தான் இருந்தது. அது இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. மெலனி கேட்டபோது என் கை பையின் வாய்வரை போனது என்பதும் உண்மை. ஆனால் பன்னிரண்டு யார்ட் பட்டு, எட்டு மாத வேலை. அதில் கத்தரி வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படி இரக்கமில்லாதவள் அல்ல.